ஐந்து கௌஸ் கோடு

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் ஹீலியம் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட ஆறு வயது பெரியவரான இயக்குநரும் அப்படித்தான். நிர்வாகப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் மட்டும் முதல் வாரம் அவளுடைய முழுப்பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார். மூன்று பேரைக் கேட்டும், அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லையே என்றுதான் பதில் வந்ததாம்.

அவளுக்குக் கீழ்த்தளத்தில் வேலை. படியிறங்கினால் நீண்ட நடைவழி. அதன் கோடியில் எப்போதும் திறந்தே கிடக்கும் இரட்டைக் கதவு. உள்ளே ஒரே ஒரு காந்தம். காந்தம் என்றதும் மனதில் வருகிற சிவப்பு லாடம் இல்லை இது. மூன்று கால்களில் நிற்கும் பிரம்மாண்டமான பால் கேன் என்று வைத்துக்கொள்ளலாம். கேனுக்குள் ஒரு கேன், அதற்குள் இன்னொன்று. வெளி அடுக்கில் திரவ நைட்ரஜன், உள் அடுக்கில் திரவ ஹீலியம், அந்த ஹீலியத்தில் முழுக்க மூழ்கியபடி பல கிலோமீட்டர் நீளக் கம்பிச் சுருள். அங்கே குளிர் மைனஸ் இருநூற்று அறுபத்தொன்பது டிகிரி. அந்தக் குளிரில் கம்பி மின்சாரத்தைத் தடுப்பதையே விட்டுவிடும்; மீக்கடத்தி என்பது இதைத்தான். ஒருமுறை மின்னோட்டத்தை ஏற்றிச் சுற்றை மூடிவிட்டால் போதும். அதன்பின் வெளியிலிருந்து எதுவும் தர வேண்டாம், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். ஊர் முழுக்க மின்சாரம் போனாலும் அதற்குத் தெரியாது. குளிரை மட்டும் காப்பாற்றித் தர வேண்டும்.

அக்காவின் வேலை அதுதான். செவ்வாய்க்கிழமைதோறும் நைட்ரஜன் ஊற்ற வேண்டும். ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை ஹீலியம். காலையும் மாலையும் அழுத்தம், அளவு இரண்டையும் நோட்டில் எழுத வேண்டும். மேல்தளத்து வேதியியல்காரர்கள் தங்கள் மருந்துக் கரைசல்களை மெல்லிய கண்ணாடிக் குழாயில் கொண்டுவந்து, காந்தத்தின் நடுத் துளையில் இறக்கி, மூலக்கூறின் வடிவத்தைப் படித்துக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு அது ஒரு கருவி. அக்காவுக்கு அது வீட்டில் ஒரு ஆள் மாதிரி. விடுமுறை நாளிலும் வந்து ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவாள்.

இரும்பை அந்த அறைக்குள் கொண்டுபோக முடியாது. வாசலில் ஒரு மரத்தட்டு இருந்தது. சாவி, கைக்கடிகாரம், பேனா எல்லாம் அதில் போய்விடும். நாளடைவில் அக்காவின் உடம்பிலேயே இரும்பு இல்லாமல் போயிற்று. ஊக்குக்குப் பதில் துணி முடிச்சு, கொண்டை ஊசிக்குப் பதில் நாடா, பிளாஸ்டிக் சட்டம் போட்ட கண்ணாடி.

காந்தம் வந்து இறங்கியபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. அதை நிறுவ வந்த பொறியாளர் வாய் ஓயாமல் பேசுகிறவர். ஏழு வாரம் கூடவே இருந்து அவளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தார். ஒருநாள் கம்பியின் ஒரு துண்டை அவள் கையில் கொடுத்தார். வெளிப்பார்வைக்குச் சாதாரணச் செம்புக்கம்பி. உள்ளே முடியைவிட மெல்லிய நையோபியக் கலவை இழைகள்.

"ஈயமும் மீக்கடத்திதான்," என்றார் அவர். "ஆனா அதுக்கு ரோஷம் ஜாஸ்தி. காந்தப்புலத்த உள்ளயே விடாது, வெளிய தள்ளிக்கிட்டே நிக்கும். தள்ள முடியாத அளவுக்குப் புலம் ஏறிடுச்சுன்னா மொத்தமா விட்டுடும். அப்புறம் அது வெறும் ஈயம். இந்தக் கம்பி அப்படி இல்ல. புலத்தக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள விட்டுக்கும், நூல் நூலா. உள்ள வந்த நூல் நகராம இருக்கணும். நகர்ந்தா சூடு, சூடானா போச்சு."

"நகராம எது பிடிச்சுக்குது?"

"கம்பிக்குள்ள இருக்கற கோணல் மாணல்தான். சுத்தமா, பிசிறே இல்லாம செஞ்சா நூல் வழுக்கிக்கிட்டு ஓடிடும். அதனால வேணும்னே கெடுத்துத்தான் செய்வாங்க."

முதல் தடவை மின்னோட்டம் ஏற்றியபோது பாதி வழியிலேயே கம்பி கைவிட்டது. உள்ளிருந்த ஹீலியம் ஒரே மூச்சில் கொதித்து, வெள்ளைப் புகையாகக் கூரையை முட்டியது. இருவரும் ஓடி நடைவழிக்கு வந்து நின்றார்கள். பொறியாளர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது ஹீலியத்தால் கீச்சுக்குரல் வந்தது. இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். இரண்டாம் முறை கொஞ்சம் அதிகம் தாங்கியது. மூன்றாம் முறை நின்றுவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு ஆம்பியர். சுற்றை மூடி, மின்சாரம் கொடுத்த கம்பிகளைக் கழற்றி எடுத்தார் பொறியாளர். பெட்டியைக் கட்டிக்கொண்டு மறுநாள் போய்விட்டார்.

போவதற்கு முன் அவள் கையில் காந்தப்புலத்தை கௌஸ் கணக்கில் காட்டும் ஒரு மீட்டரைக் கொடுத்து, ஐந்து கௌஸ் எங்கே வருகிறது என்று பார்த்துத் தரையில் கோடு போடச் சொன்னார். ஐந்து கௌஸ் என்பது ஒரு பொம்மைக் காந்தத்தின் வலுகூட இல்லை. ஆனால் இதயத்தில் கருவி வைத்தவர்களுக்கு அதுதான் எல்லை. அக்கா மீட்டரோடு அங்குலம் அங்குலமாக நகர்ந்து, சாக்கட்டியால் புள்ளி வைத்து, பிறகு மஞ்சள் பெயின்ட் அடித்து, பக்கத்தில் ஐந்து கௌஸ் என்று எழுதினாள். கோடு காந்தத்தின் நடுவிலிருந்து மூன்றே கால் மீட்டர் தூரத்தில் வட்டமாக ஓடி, வாசலைத் தாண்டி நடைவழியிலும் ஒரு சாண் எட்டிப் பார்த்தது. புதுத் தரையில் இது என்ன கோலம் என்று அப்போதைய இயக்குநர் முணுமுணுத்தார். பெருக்க வந்த அம்மா எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டு, "இங்க கேஸ் கசியுதாம்" என்று நான்கு மாடிக்கும் சொல்லிவிட்டாள். அது கேஸ் இல்லை, கௌஸ் என்று புரியவைப்பதற்கு ஒரு மாதம் ஆயிற்று.

அந்த வருடம்தான் அவளுக்கு ஒரு வரன் கிட்டத்தட்ட முடிவாகி இருந்தது. மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் உத்தியோகம். ஒரு வருடம் பொறுங்கள், காந்தம் நிலைக்கு வரட்டும் என்று அவள் கேட்டாள். அவர்கள் எட்டு மாதம் பொறுத்தார்கள். அதற்குமேல் அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தம்பி படித்து வெளிநாடு போனான், அங்கேயே குடும்பமானான். அம்மா ஏழு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்தாள். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு, ஒரு கட்டில், ஞாயிற்றுக்கிழமை காலை தம்பியின் போன். கேட்டால் குறையொன்றும் இல்லை என்றுதான் சொல்வாள். கேட்க அதிகம் பேர் இல்லை.

ஐம்பத்து நாலாவது வயதில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பி இரண்டாம் மாடிப் படியில் இறங்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடியைப் பிடித்தது வரைக்கும் ஞாபகம் இருந்தது. விழுந்த சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தவள் கீழ்வீட்டுத் தையற்காரம்மா. கழுத்தில் இஞ்சு டேப்போடு அவளே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

இதயத் துடிப்பு நிமிடத்துக்கு முப்பத்து நான்கு. மேலறையிலிருந்து கீழறைக்குச் சேதி போகும் வழி அடைபட்டிருக்கிறது என்றார் டாக்டர். அன்றே பேஸ்மேக்கர் வைத்தார்கள். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் சீட்டோடு டாக்டர் கட்டில் அருகே வந்து உட்கார்ந்தார்.

"செல்போன இந்தப் பக்கம் சட்டைப் பையில வைக்காதீங்க. மத்தபடி வீட்டு சாமான் எதுவும் பிரச்சினை இல்ல. ஸ்கேன் சென்டர் காந்தம் மாதிரி பெருசா எதாவது இருந்தா மட்டும் கிட்ட போகாதீங்க."

"எத்தன கௌஸ் வரைக்கும் போகலாம்?"

டாக்டர் சீட்டிலிருந்து கண்ணை எடுத்தார். எந்த நோயாளியும் அவரிடம் இதுவரை அப்படிக் கேட்டதில்லை. "அஞ்சு," என்றார்.

"தெரியும். கோடு போட்டதே நான்தான்." வேலை என்னவென்று சொன்னாள். பிறகு, "இப்ப வர்ற பேஸ்மேக்கர் ஸ்கேனுக்கே தாங்கும்னு எழுதியிருக்கே," என்றாள்.

"தாங்கும். முன்கூட்டி செட்டிங் மாத்தி, பக்கத்துல ஆள் நிறுத்தி, அரை மணி நேரம். தினமும் போய் சாஞ்சு நிக்கறதுக்கு இல்லம்மா."

"யாரு சாயறா," என்றாள் அக்கா. ஆனால் சாய்வாள். நைட்ரஜன் நிரம்புகிற இருபது நிமிடமும் தோளை அதன் பக்கவாட்டில் கொடுத்துத்தான் நிற்பாள். யாரும் பார்த்ததில்லை.

தம்பி போனில், "வேலைய விட்டுட்டு இங்க வந்துடுக்கா," என்றான்.

"அங்க வந்து என்னடா பண்ணுவேன்?"

"ரெஸ்ட் எடு."

"மூணு நாளா அதத்தான எடுத்துக்கிட்டிருக்கேன். நல்லாவே இல்ல."

திரும்பி வேலைக்குப் போனபோது அவளுக்கு மேல்தளத்தில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். யாருடைய மாதிரி எந்த நாளில் என்று வரிசை எழுதுகிற வேலை. ஜன்னல், மின்விசிறி, பக்கத்திலேயே குடிதண்ணீர். எல்லோரும் நல்ல மனதோடுதான் செய்தார்கள். காந்தத்தைப் பார்த்துக்கொள்ள மின் பிரிவிலிருந்து ஒருவரை மாற்றினார்கள். நாற்பத்தேழு வயது, தொந்தி, எப்போதும் இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. அவருக்குப் பெயர் ஃபியூஸ். அக்கா அவரை ஃபியூஸ் தம்பி என்பாள்.

முதல் செவ்வாய்க்கிழமை அக்கா கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லச் சொல்ல, அவர் உள்ளே போனார். நாலடி வைத்ததும் நின்றார்.

"அக்கா, என் பேன்ட் மட்டும் தனியா முன்னாடி போகுது."

"சாவிய தட்டுல வைக்கச் சொன்னேன்ல."

"வச்சேனே. இது இன்னொரு கொத்து."

அக்கா சிரித்துவிட்டாள். அன்று மாலை மேசைக்குத் திரும்பி உட்கார்ந்த பிறகு நெஞ்சு கனத்துக்கொண்டு வந்தது. கருவியோ என்று பயந்து நாடியைப் பிடித்துப் பார்த்தாள். ஒழுங்காக எழுபது.

ஃபியூஸ் தம்பி மோசமில்லை. மெதுவானவர், ஆனால் கவனம். இரண்டு மாதத்தில் ஹீலியம் ஊற்றக்கூடக் கற்றுக்கொண்டார். பம்ப் சத்தத்தில் கேட்காது என்பதால் அக்கா நடைவழியிலிருந்து கையை ஆட்டிக் காட்டுவாள்: இன்னும் மெதுவாக, வால்வை மூடு, போதும். பிறகு அதுவும் தேவைப்படவில்லை. அவர் பாட்டுக்குச் செய்துவிட்டு நோட்டில் எழுதிவிடுவார். எழுத்து மட்டும் கோழி கிளறியதுபோல் இருக்கும்.

அக்கா ஒரு முக்காலியைக் கொண்டுபோய்க் கோட்டுக்கு வெளியே போட்டு, மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே சாப்பிட ஆரம்பித்தாள். அங்கிருந்து காந்தத்தின் கால்களும் பாதி உடம்பும்தான் தெரியும். நடைவழியில் போகிறவர்கள் முதலில் நின்று விசாரித்தார்கள். பிறகு தலையசைத்தார்கள். பிறகு முக்காலியைச் சுற்றிக்கொண்டு போகப் பழகினார்கள். பதினெட்டு வருடம் தான் இல்லாவிட்டால் இது நடக்காது என்று அவள் நினைத்திருந்தாள். உள்ளே மின்னோட்டம் அதே நூற்றுப் பன்னிரண்டில் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மதியம் ஃபியூஸ் தம்பி சாப்பிடப் போயிருந்தார். நடைவழியில் ஆளில்லை. அக்கா டப்பாவை மூடிவிட்டு எழுந்து கோட்டைத் தாண்டி ஒரு எட்டு வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஒரு எட்டு.

அப்போது நெஞ்சு வேறு மாதிரி அடிக்க ஆரம்பித்தது. வேகமாக, ஒரே சீராக, அவள் நிற்கிறாளா நடக்கிறாளா என்று கேட்காமல், கடிகாரம் மாதிரி. வலி இல்லை, மயக்கமும் இல்லை. யாரோ உள்ளே உட்கார்ந்து மேசையைத் தட்டுவதுபோல் இருந்தது. காந்தம் அருகில் வந்தால் இந்தக் கருவி இதயத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டுத் தன் கணக்குக்கு அடிக்கும் என்று அவள் படித்திருந்தாள். படித்தது வேறு, உள்ளே நடப்பது வேறு. பின்னால் கால் வைத்தாள். இரண்டாவது அடியில் நெஞ்சு பழையபடி ஆயிற்று. முக்காலியில் உட்கார்ந்து நாடியை எண்ணிப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு மாதச் சோதனையின்போது டாக்டர் கருவியின் பதிவைத் திரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பதினொண்ணாம் தேதி மதியம் ஒண்ணு இருபதுக்கு எங்க இருந்தீங்க?" என்றார்.

அக்கா கைப்பையின் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"நீங்க சொல்லலேன்னாலும் இது சொல்லிடும்," என்றார் டாக்டர். கோபமில்லாமல்தான் சொன்னார். "எத்தன நேரம் உள்ள நின்னீங்கன்னு செகண்டோட இருக்கு."

"ரெண்டு எட்டுதான் வச்சேன்."

"ஏம்மா வச்சீங்க?"

"நைட்ரஜன் மீட்டர் சரியாத் தெரியல," என்றாள். டாக்டர் அதை நம்பியதாகக் காட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் கோட்டை மிதிக்கவில்லை.

அடுத்த வருடம் ஹீலியம் வரத்துக் குறைந்தது. உலகம் முழுக்கவே தட்டுப்பாடு என்றார்கள். ஒன்பது வாரத்தில் வர வேண்டிய குடுவை பன்னிரண்டு வாரமாகியும் வரவில்லை. அளவு முப்பது சதவீதத்துக்கு இறங்கியது. அதற்குக் கீழே போய்க் கம்பி வெளியே தெரிந்தால், மூடிய சுற்றில் உள்ள மின்னோட்டம் முழுவதும் ஒரே நொடியில் சூடாக மாறிவிடும். பழைய சுருள் அதைத் தாங்குமா என்பது சந்தேகம். பக்கத்துக் கட்டடத்தில் புதுக் காந்தம் ஒன்று ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தது; ஆவியாகும் ஹீலியத்தைத் தானே பிடித்துத் திரும்பக் குளிர்வித்துக்கொள்ளும் வகை. கூட்டம் போட்டார்கள். பழையதை வெடிக்க விடாமல், முறையாக மின்னோட்டத்தை இறக்கி நிறுத்திவிடுவது என்று முடிவாயிற்று.

அக்கா இயக்குநர் அறைக்குப் போனாள். "நான் இறக்கறேன்," என்றாள்.

"நீங்க எப்படி? கோட்டுக்குள்ள..."

"மின்சாரப் பெட்டி கோட்டுக்கு வெளியதான் இருக்கும். அதுக்குள்ள இருக்கற டிரான்ஸ்ஃபார்மருக்கும் காந்தம் ஆகாது. உள்ள கம்பி சொருகறது ஃபியூஸ் தம்பி பாத்துக்குவார். நான் வெளிய உக்காந்து இறக்கறேன்."

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். கோட்டுக்கு வெளிய எங்க வேணாலும் நிக்கலாம்னார்."

ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்குத் தொடங்கினார்கள். ஃபியூஸ் தம்பி, அன்று ஒரு சாவிகூட இல்லாமல், ஏணியில் ஏறி மின்கம்பிகளை உச்சியில் உள்ள துளையில் இறக்கிப் பூட்டினார். அக்கா பெட்டியில் மின்னோட்டத்தை மெல்ல ஏற்றி உள்ளே ஓடுவதற்குச் சமமாகக் கொண்டுவந்தாள். நூற்றுப் பன்னிரண்டு. பிறகு சுற்றை மூடி வைத்திருந்த உள் பூட்டைச் சூடாக்கித் திறந்தாள். முள் துளிகூட அசையவில்லை. பத்தொன்பது வருடத்தில் அது கசியவே இல்லை என்று பெட்டியின் அந்த முள் சொன்னது. மணிக்கு இருபத்தெட்டு ஆம்பியர் வீதம் இறங்கும்படி வைத்துவிட்டு, மீட்டரைக் கையில் எடுத்தாள்.

"நீங்க எண்ண மட்டும் படிச்சுக்கிட்டே இருங்க தம்பி."

"எதுக்குக்கா?"

"கோடு நகரும். நானும் கூட நகர்றேன்."

மீட்டரை முன்னால் நீட்டியபடி கோட்டின்மேல் நின்றாள். ஐந்து. கொஞ்ச நேரத்தில் நான்கு புள்ளி ஒன்பது. கால் விரல் அளவு முன்னால் வைத்தாள்.

"நூத்திப் பத்து," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அது அவள் நினைத்ததுபோல் வேகமாக இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து மின்னோட்டம் பாதியாகியிருந்தது. கோடு அறுபத்தைந்து சென்டிமீட்டர்தான் உள்வாங்கியிருந்தது. கால் கடுத்தது. ஃபியூஸ் தம்பி முக்காலியைத் தள்ளிக் கொடுத்தார். உட்கார்ந்து, அரை அடிக்கு ஒருமுறை முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மேல்தளத்து ஆட்கள் சிலர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்க என்ன இருக்கிறது? ஒரு பெண் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், ஒருவர் எண் படிக்கிறார்.

பதினான்கு ஆம்பியரில் பாதித் தூரத்துக்கு வந்திருந்தாள். மணி ஒன்று பத்து. மீதிப் பாதி அரை மணி நேரத்தில் போயிற்று. அவள் எழுந்து நின்றபடி ஒவ்வொரு எட்டாக வைத்தாள். நெஞ்சில் கவனம் வைத்திருந்தாள். அது அவளுடைய வேகத்திலேயே அடித்தது.

"பாயின்ட் மூணு," என்றார் ஃபியூஸ் தம்பி.

அக்கா கையை நீட்டி அதன் பக்கவாட்டைத் தொட்டாள். அறையின் சூடுதான் அதில் இருந்தது. முன்பும் அப்படித்தான் இருந்திருக்கும். குளிரெல்லாம் எப்போதுமே உள்ளே. தோளைக் கொடுத்துச் சாய்ந்தாள். பதினாறு மாதம் இதற்காகத்தான் காத்திருந்தோம் என்று எண்ணினாள். ஆனால் தோளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பூட்டிய வீட்டுக் கதவில் சாய்ந்தாற்போல் இருந்தது. ஃபியூஸ் தம்பி பெட்டியின் பக்கம் திரும்பி, அங்கே இல்லாத ஏதோ ஒன்றை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"சைபர்," என்றார் கடைசியில். பிறகு எழுந்து வந்தார். வாசல் தட்டில் வைத்திருந்த ஸ்பேனரை எடுத்துவந்து, இத்தனை நாள் ஆசை போலும், காந்தத்தின் வயிற்றில் மெல்ல ஒட்டவைத்துப் பார்த்தார். அது வழுக்கித் தரையில் டங்கென்று விழுந்தது.

"அவ்வளவுதானா?" என்றார்.

"நடுத் துளையில மீட்டர விட்டுப் பாருங்க."

அவர் ஏணியில் ஏறி, மீட்டரின் நுனியைக் குச்சியில் கட்டி இறக்கினார். "அக்கா, இருபத்தாறு காட்டுது. கரண்ட் சைபர்னு இருக்கே, இது எங்கிருந்து வருது?"

"கம்பிக்குள்ள மாட்டிக்கிட்ட மிச்சம். கரண்ட் போனாலும் அது போகாது. கம்பி சூடாகுற வரைக்கும் அப்படியே இருக்கும்."

"வெளிய ஒண்ணுமே தெரியலயே."

"தெரியாது," என்றாள் அக்கா.

மீதமிருந்த ஹீலியம் ஆவியாகித் தீர நாளாயிற்று. அக்கா மதியம் மேசையை விட்டுக் கீழே இறங்கி, இப்போது யார் அனுமதியும் தேவைப்படாமல், முக்காலியைக் காந்தத்தின் அருகிலேயே போட்டுச் சாப்பிட்டாள். ஃபியூஸ் தம்பி தினம் ஒருமுறை ஏணியில் ஏறி எண் சொல்வார். இருபத்தாறு. இருபத்தாறு. பத்தாம் நாள் காலையில் அளவுமானி ஹீலியம் இல்லை என்றது. மதியத்துக்கு மேல் அவர் மீட்டரை இறக்கிவிட்டு, இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லக்கா. அர கௌஸ். பூமியோடது."

அவள் நோட்டில் தேதியும் நேரமும் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். ஃபியூஸ் தம்பி அடுத்த வாரமே மின் பிரிவுக்குத் திரும்பிப் போனார். காந்தத்தைக் கீழேயிருந்து தூக்கி, வாசல் கூடத்தில் ஒரு பலகையோடு காட்சிக்கு வைக்கப்போவதாகச் சொன்னார் இயக்குநர். நல்ல யோசனை என்றாள் அக்கா. அவளுக்கு ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தான். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம். வழக்கம்போலச் சாப்பாடு, உடம்பு, மாத்திரை எல்லாம் கேட்டான். வழக்கம்போல அவளும் சொன்னாள்.

"வேற என்னக்கா?"

"அத நிறுத்திட்டோம்டா."

"எத?"

"மிஷின."

"ஓ," என்றான். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "சரி, அப்ப இங்க வர்றியா? லீவு போட்டுட்டு ஒரு மாசம்?"

"பாக்கலாம்."

பத்தொன்பது வருடமாக அதைப்பற்றி அவள் சொன்னதும் இல்லை, அவன் கேட்டதும் இல்லை. வைத்துவிடுவான் என்று நினைத்தாள்.

"சுவிட்ச் மாதிரி பட்டுனு நிறுத்திடுவீங்களா?" என்றான் அவன்.

"அப்படி முடியாது. நாலு மணி நேரம் ஆச்சு."

"நாலு மணி நேரமா? ஏன்?"

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முதலில் கம்பியைப் பற்றிச் சொன்னாள், பிறகு கோட்டைப் பற்றி, அது எப்படி மெதுவாக உள்வாங்கியது, முக்காலியை எப்படி இழுத்து இழுத்துப் போட்டாள் என்று. மறுமுனையில் குழாயை மூடினான். "இரு, இங்க சத்தம். அந்த அறைக்குப் போறேன்," என்று நடந்தான். ஒரு கதவு சாத்தும் ஓசை கேட்டது.

"இப்பச் சொல்லு," என்றான்.